அஞ்சு நாற்பது வண்டியில் மூணாவது பெட்டி

தமிழாம்மா நீ? ஃபோன்ல உங்கம்மாகிட்ட "சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேம்மா"ன்னு ரெண்டு தரம் சொன்னியே, அப்பவே திரும்பிப் பார்த்துட்டேன். சாப்பிடலைதானே? சாப்பிட்டவ ஒரு தரம்தான் சொல்லுவா.

கொஞ்சம் நகர்ந்துக்கோ, உட்கார்றேன். பேங்க் வேலையா? வந்து மூணு மாசமா? நான் இந்தக் கல்கத்தாவுக்கு வந்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு. வீடு லேக் மார்க்கெட் பக்கம், காளிகாட்டுல இறங்கணும். நீ டோலிகஞ்சா? அப்ப நான் இறங்கினப்புறம்தான் உன் ஸ்டேஷன். பேசிக்கிட்டே போகலாம். தமிழ்ல பேசி நாளாச்சு. வீட்டுல ஒருத்தர் இருக்கார், அவர் பேசினாத்தானே.

இந்த வண்டி குளுகுளுன்னு இருக்கில்ல? சத்தமே இல்லை. பழைய வண்டியை நீ பார்த்திருக்க மாட்டே. இதே சுரங்கத்துல முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. ஏசி கிடையாது. கூரையில ஃபேன், ரெண்டு பக்கமும் நீள பெஞ்சு, ஓட ஆரம்பிச்சா இரைச்சல் காதைப் பிளக்கும். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசணும்னா காதுல வாயை வச்சுத்தான் பேசணும். அந்தப் பெட்டியெல்லாம் எங்கே செஞ்சது தெரியுமா? நம்ம பெரம்பூர்ல. ஆமாம்மா! இந்த ஊர்க்காரங்க பாதாள ரயில், பாதாள ரயில்னு அவ்வளவு பெருமை பேசுவாங்க, பெட்டி நம்மாளுங்க செஞ்சு அனுப்பினது. அப்படிச் செஞ்சவங்கள்ல ஒருத்தர் எங்க வீட்டுக்காரர். வேதாசலம்னு பேரு. பெட்டியில கதவு, ஜன்னலைப் பொருத்திப் பூட்டற ஃபிட்டர்.

பெட்டியோட கூட வந்து ஓடவிட்டுட்டு மூணு மாசத்துல திரும்பிடறேன்னு எங்க மாமியார்கிட்ட சொல்லிட்டுத்தான் இங்கே வந்தார். அப்புறம் இங்கேயே டோலிகஞ்ச்ல, வண்டியை நிறுத்தி ரிப்பேர் பார்க்கற ஷெட்ல வேலை வாங்கிக்கிட்டு உட்கார்ந்துட்டார். வண்டி இருக்கற இடத்துல அவர் இருக்கணும். கல்யாணம் ஆகி நான் வந்த மறுநாள், "கிளம்பு அமிர்தம், ஒரு இடத்துக்குப் போகலாம்"னார். அமிர்தவல்லி என் பேரு. காளி கோயிலுக்குத்தான் போறோம்னு நினைச்சு நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டேன். மனுஷன் என்னை எங்கே கூட்டிட்டுப் போனார் தெரியுமா? பாதாளத்துக்கு. ஒரு வண்டி வந்துச்சு, ஏறலை. இன்னொண்ணு வந்துச்சு, அதுலயும் ஏறலை. மூணாவது வந்ததும் மூணாவது பெட்டிக்கு ஓடறார். உள்ளே போய் ஒரு ஜன்னல் சட்டத்தை ரெண்டு தட்டு தட்டிட்டு, "இது நான் பூட்டினது"ன்னார். பட்டுப்புடவையில வேர்த்து வழியுது எனக்கு. சரிங்க, நல்லாருக்குங்கன்னேன். வேற என்ன சொல்றது?

அன்னிலேருந்து வீட்டுல அந்தப் பெட்டிப் பேச்சுதான். துர்கா பூஜை நாள்ல எவ்வளவு கூட்டம் ஏறுச்சு, எந்த ஃபேன் நின்னு போச்சு, எந்தக் கதவு கால் செகண்டு லேட்டா மூடுது. மழைக்காலத்துல இந்த ஊரே முழங்கால் தண்ணியில நிக்கும், "நம்ம பெட்டி கீழே ஜம்முனு ஓடுது பாரு"ம்பார். நம்ம பெட்டியாம். நான் காய்ச்சல்ல படுத்தா மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டுப் போற மனுஷன், அந்தப் பெட்டியில ஒரு ரப்பர் பிஞ்சா சோறு இறங்காது. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இரும்புதானே, போகட்டும்னு விட்டுட்டேன். பொறாமைப்படற ஜென்மம் இல்லைம்மா நான். நீயே கேளு, அப்புறம் சொல்லு.

தொண்ணூத்தி ஒண்ணு. மழை விட்டிருந்த நேரம். யாரோ ஒரு பாசஞ்சர் புகார் புத்தகத்துல எழுதிட்டாங்க. சாயங்காலம் அஞ்சு நாற்பது வண்டியில, மூணாவது பெட்டியில, ஜதீன் தாஸ் பார்க் ஸ்டேஷன் தாண்டினதும் ஒரு சத்தம் வருது, ஸ்வரம் சேராம இருக்குன்னு. ஸ்வரம்! அந்த இரைச்சல்ல பக்கத்துல இடி விழுந்தாலே கேட்காது. ஷெட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். இவர் மட்டும் சிரிக்கலை. இவரோட பெட்டியாச்சே. எழுதினவங்க பேரு, நேரமெல்லாம் குறிச்சுக்கிட்டு, வேலை முடிஞ்சதும் போய்ப் பார்த்திருக்கார்.

பொம்பளை. ஷிப்ரான்னு பேரு. பார்க் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஸ்கூல்ல பாட்டு டீச்சர். என்னைவிட ஏழு வயசு பெரியவ. கல்யாணம் ஆகலை. அதையும் விசாரிச்சேன்.

வந்து எங்கிட்டயே சொன்னார்ம்மா, ஒளிக்கலை. "அமிர்தம், அந்தம்மாவுக்கு இருக்கறது காது இல்லை, என்னமோ மெஷின் அது. அவங்க சொன்னப்புறம் எனக்கும் கேட்குது. கிணுங்னு ஒரு தரம். ஒரே தரம்தான்." அதைச் சொல்லும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? எங்க பையன் முதல் தரம் நடந்தப்பகூட அப்படி இல்லை. சரி நானும் வந்து கேட்கறேன்னு போனேன். ஜதீன் தாஸ் பார்க் தாண்டுச்சு. "கேட்டுச்சா?"ன்னார். கேட்டுச்சேன்னேன். "எப்படி இருந்துச்சு?" டக் டக்குன்னு இருந்துச்சுன்னேன். முதுகுல தட்டிக் கொடுத்தார். எனக்கு ஒண்ணுமே கேட்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் தினம் இதே கதை. நாலு மணிக்கு வேலை முடியும், நாலரைக்கெல்லாம் வீட்டுல இருக்கற மனுஷன், அங்கேருந்து எஸ்பிளனேடு வரைக்கும் எதிர்ப்பக்கம் போய், காத்திருந்து, அஞ்சு நாற்பது வண்டியில டோலிகஞ்ச் வரைக்கும் வந்து, அப்புறம் திரும்பி வீட்டுக்கு வருவார். ஷெட்ல கெஞ்சிக் கூத்தாடி அந்த வண்டியைத் தினமும் அதே நேரத்துக்குப் போட வச்சிருந்தார். வீட்டுக்கு வரும்போது ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டு வருவார். நம்ம பாட்டு இல்லை. பெங்காலிப் பாட்டு. காயே வாங்கத் தெரியாது இவருக்கு பெங்காலியில, பாட்டு பாடறார்.

ஒரு நாள் பையனை மாடிவீட்டு மாமிகிட்ட விட்டுட்டு எஸ்பிளனேடு போய்த் தூணுக்குப் பின்னாடி நின்னேன். இவர் ஏறினதும் அதே பெட்டியில மறு கோடிக் கதவுல ஏறி, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். பார்க் ஸ்ட்ரீட்ல அவ ஏறினா. ஒல்லியா, உசரமா, நீலக்கரை போட்ட வெள்ளைக் கைத்தறிப் புடவை, கொண்டையில ஒரு பேனா சொருகியிருக்கு. அன்னிக்கு நீலம், அப்புறமும் ரெண்டு நாள் ஒளிஞ்சு போய்ப் பார்த்தேன், மறுநாள் பச்சைக்கரை, அதுக்கு மறுநாள் அரக்கு. எல்லாம் ஞாபகம் இருக்கு எனக்கு. இவர் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பேசலை. பேசியிருந்தா பரவாயில்லைம்மா. என்ன பேசினாங்கன்னு கேட்டு ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பேன். பவானிப்பூர் தாண்டினதும் ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. அவ தலையை இந்தப் பக்கம் சாய்ச்சா, இவர் அந்தப் பக்கம் சாய்ச்சார். ஜதீன் தாஸ் பார்க் தாண்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கண்ணைத் திறந்தாங்க.

நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியுமோ என்னமோ. ஒரே நேரத்துல!

நான் காளிகாட்டுலயே இறங்கி வீட்டுக்கு வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி உப்புமா கிண்டினேன். உப்பு போட மறந்துட்டேன். அவரும் சொல்லாம சாப்பிட்டார். உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியலைன்னா அப்ப மனசு எங்கே இருந்திருக்கும்?

சரி, வேலை விஷயம், சத்தம் கிடைச்சதும் நின்னுடும்னு பொறுத்துக்கிட்டேன். தீபாவளி வந்துச்சு. இவர்கூட வேலை பார்க்கற நிமாய்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். முறுக்கு கொடுத்துட்டு, "அந்தச் சத்தம் என்னாச்சு, இன்னும் கிடைக்கலையா?"ன்னு சும்மாத்தான் கேட்டேன். "அது அப்பவே கிடைச்சாச்சே அண்ணி! வேதா ஜன்னல் பலகையைக் கழட்டி எடுத்துட்டாரே. யாரோ பாசஞ்சர் ஜன்னல் இடுக்குல போட்டுட்ட பித்தளைச் சாவி. உள்ளே தொங்கிக்கிட்டு இருந்து, வண்டி திரும்பறப்ப தகரத்துல போய் இடிச்சிருக்கு. முப்பது நாள் இருக்கும்"ங்கறார்.

முப்பது நாள். முப்பது நாளா சத்தம் இல்லை. ஆனா அஞ்சு நாற்பது வண்டி மட்டும் அப்படியே இருக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் கேட்டுட்டேன். "சத்தம்தான் போயிடுச்சாமே, இன்னும் எதுக்குங்க போறீங்க?" இவர் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டே சொல்றார், "திரும்ப வருதான்னு பார்க்கணுமில்ல." எடுத்த சாவி ஷெட்ல மேஜை டிராயர்ல இருக்கும், அது எப்படிம்மா திரும்ப வரும்? எதிர்த்துக் கேட்டா அழுதுடுவேன்னு கேட்கலை.

மறுநாள் நானும் போனேன். ஒளிஞ்சுக்கிட்டு இல்லை. எஸ்பிளனேடுல இவர் முன்னாடி போய் நின்னு, "நானும் வர்றேன்"னேன். "வாயேன்"னார். ஏறினோம். பார்க் ஸ்ட்ரீட்ல அவ வந்தா. இவர், "என் மிசஸ்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் எழுந்து நடுவுல உட்கார்ந்துட்டேன். அது போதாதுன்னு மடியில மூணடுக்கு டிபன் கேரியர் வேற. அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா. நான் நேரா எதிர்ல இருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கொசுவர்த்தி விளம்பரம்.

அஞ்சு மாசம் போனேன்மா. ஞாயிறு தவிர தினமும். மூணு மணிக்கெல்லாம் சமையலை முடிச்சு, பையனை மாமிகிட்ட விட்டுட்டு ஓடணும். ஒரு நாள் கூட்டத்துல நான் ஏற லேட்டாச்சு, பார்க்கறேன், இவர் நடுவுல பையை வச்சு எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கார். எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தியா? என்னைச் சந்தேகப்படவிடாம இருக்கறதுக்கு. அவ ஒரு தரம் ஆரஞ்சு உரிச்சு நாலு சுளை நீட்டினா. வாங்கலை. ஒரு தரம் எங்க பையன் பேரு என்னன்னு கேட்டா. சொல்லலை. ரெண்டு பேரும் எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா கண்ணை மூடிக்கிட்டு வருவாங்க. நடுவுல நான் மட்டும் முழிச்சுக்கிட்டு. சத்தமே இல்லாதப்ப கண்ணை மூடிக்கிட்டு என்னத்தைக் கேட்டாங்க? நானும் ஒரு நாள் மூடிப் பார்த்தேன். இரைச்சல்தான் கேட்டுச்சு.

ஏப்ரல் மாசம் ஒரு நாள் அவ வரலை. மறுநாளும் வரலை. பத்து நாள் பார்த்தேன். ஓடிட்டா. நான் ஜெயிச்சுட்டேன்மா. இவரும் பழையபடி நாலரைக்கு வீட்டுக்கு வர ஆரம்பிச்சுட்டார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கலை, திட்டலை. பாட்டும் நின்னுபோச்சு. வீடு நிம்மதியா இருந்துச்சு. ரொம்ப அமைதியா இருந்துச்சு. சில நாள் நானே ரேடியோவைப் போட்டு வைப்பேன், அவ்வளவு அமைதி.

அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. பையன் படிச்சு பெங்களூர் போயிட்டான். ஏசி வண்டி வந்துச்சு. பழைய பெட்டியை ஒண்ணொண்ணா ஓரங்கட்டினாங்க. இவர் ரிடையர் ஆனப்புறமும் நம்ம பெட்டி ஓடுச்சு. காலையில பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, டிக்கெட் வாங்கி ரெண்டு ஸ்டேஷன் அதுல போயிட்டு வருவார். கொரோனா வந்து போன சமயத்துல, பழைய வண்டி இனிமே கிடையாது, கடைசியா ஒரு ஓட்டம் விடப்போறோம்னு சொன்னாங்க. பழைய ஆளுங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. போனோம். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வச்சு, ஒரே கூட்டம். எல்லார் மூஞ்சியிலயும் மாஸ்க். மூணாவது பெட்டியில எப்படியோ இடம் பிடிச்சு ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். என் பக்கத்துல ஒரு இடம் காலியா இருந்துச்சு.

பார்க் ஸ்ட்ரீட்ல ஒருத்தி ஏறினா. முடியெல்லாம் பஞ்சு. கையில தடி. மாஸ்க் போட்டிருந்தா எனக்குத் தெரியாதா? கொண்டையில பேனா இருக்கே! நான் சட்டுனு பையை எடுத்து அந்தக் காலி இடத்துல வச்சேன். என்ன பார்க்கறே? ஆமா, வச்சேன். தடி வச்சிருந்தா என்ன?

ஆனா இவர் எழுந்துட்டார். அறுபத்தாறு வயசு, முட்டிவலி, எங்கே போனாலும் உட்கார இடம் தேடற மனுஷன், ஸ்பிரிங் மாதிரி எழுந்து, "உட்காருங்க"ன்னார். அவ உட்கார்ந்தா, என் பக்கத்துல. இவர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நிக்கறார். அவ காதுகிட்ட குனிஞ்சு பெங்காலியில சொல்றார், "சத்தம் எழுதினீங்களே. இந்தப் பெட்டியில. ஜதீன் தாஸ் பார்க்." அவ மரியாதையாச் சிரிச்சா. "மன்னிக்கணும், நீங்க யாருன்னு..." இவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி மூஞ்சியைக் காட்டினார். அவ நல்லா உத்துப் பார்த்தா. பார்த்துட்டுக் கேட்டாம்மா, "எங்கிட்ட பாட்டு கத்துக்கிட்ட பசங்க யாரோடயாவது அப்பாவா நீங்க?"

இவர் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும். மாஸ்க்கை மெதுவா மேல இழுத்து விட்டுக்கிட்டார்.

எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியலை அவ்வளவு கோபம். திரும்பி அவளைப் பிடிச்சுக்கிட்டேன். முப்பது வருஷத்துல அவகிட்ட நான் பேசின முதல் பேச்சே அதுதான். "யாரோட அப்பாவும் இல்லைங்க! இவர்தான் வேதாசலம்! நீங்க எழுதினதைப் பார்த்து ஊரே சிரிச்சப்ப இவர் ஒருத்தர்தான் நம்பினார். பலகையைக் கழட்டிச் சாவியை எடுத்தவர் இவர்தான். எத்தனை மாசம் உங்க பக்கத்துல உட்கார்ந்து வந்தார்! வேலை முடிஞ்ச அலுப்புல எஸ்பிளனேடு வரைக்கும் போய் வந்தார்! எப்படிங்க மறக்கும்?" பக்கத்துல இருக்கறவங்கெல்லாம் ஃபோன்ல படம் எடுக்கறதை விட்டுட்டு எங்களைப் பார்க்கறாங்க.

அவ யோசிச்சா. "சத்தம் ஞாபகம் இருக்கு. சாவியும் ஞாபகம் இருக்கு, யாரோ ஷெட்காரர் எடுத்தார்னு சொன்னாங்க."

யாரோவாம்!

அப்புறம் அவளே சொல்றா, "ஆனா ஒரு பொண்ணு வருவா, அவளை நல்லா ஞாபகம் இருக்கு. உங்க ஊர்ப் பொண்ணுதான். குண்டா, கறிவேப்பிலை வாசனையோட, மடியில பெரிய டப்பா. தினம் வந்து என் பக்கத்துல உட்காருவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. அவளுக்கு ஏதோ பெரிய துக்கம்னு தோணும் எனக்கு. அப்புறம் ஊரோட மறு கோடியில, சால்ட் லேக்ல, வேற ஸ்கூல் கிடைச்சுப் போயிட்டேன். ரொம்ப நாள் நினைச்சுக்குவேன், அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோன்னு."

அது நான்தான்னு சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? வேற ஸ்கூல் கிடைச்சுதாம், கதை! டோலிகஞ்ச்ல ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, தடியை ஊனிக்கிட்டு இறங்கிப் போயிட்டா. இவர் மூணு நாள் சரியாச் சாப்பிடலை. பெட்டி போற துக்கம்னு எல்லார்கிட்டயும் சொன்னார். எனக்குத் தெரியாதா?

ரெண்டு மாசம் கழிச்சு, பெட்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போகுது, நம்ம மூணாவதும் போகுதுன்னு நிமாய் ஃபோன் பண்ணினார். தனியா விட மனசில்லாம நானும் கூடப் போனேன். நல்ல வெயில், பகல் பதினோரு மணி. பெட்டி புல்லு மேல நிக்குது. ஃபேன் இல்லை, பெஞ்சு இல்லை, ஜன்னல் எல்லாம் ஓட்டை. ரெண்டு ஆளுங்க கேஸ் வச்சு வெட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பக்கச் சுவர் அப்படியே மடிஞ்சு விழுந்துச்சு. நான் அழுதுட்டேன். இவர் அழலை. சுவர் விழுந்த இடத்தையே பார்த்துக்கிட்டு, என் பக்கம் திரும்பாம கேட்கறார்:

"நெசமாவே மறந்துட்டாங்களா, அமிர்தம்?"

கிழவர்ம்மா. கழுத்தெலும்பு தெரியுது. முப்பது வருஷத்துல அவளைப் பத்தி எங்கிட்ட அவர் கேட்ட ஒரே கேள்வி. நான் என்ன சொல்லியிருக்கணும்?

"மறக்கறதாவது! நடிச்சா"ன்னேன். "நூறு பேர் நடுவுல, பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்கறப்ப, எந்தப் பொம்பளை ஞாபகம் இருக்குன்னு சொல்லுவா? என் கறிவேப்பிலை வாசனைகூட ஞாபகம் இருக்குமாம், உங்களை ஞாபகம் இருக்காதாம். யோசிச்சுப் பாருங்க. ஒரு பொம்பளை எப்படி நடிப்பான்னு இன்னொரு பொம்பளைக்குத் தெரியாதா?"

நெசமாத்தான்மா சொன்னேன். அவ நடிச்சாதான். இன்னிக்கும் சத்தியம் பண்ணுவேன்.

இவர் மெதுவா என் பக்கம் திரும்பினார். "அப்படிங்கறியா?"ன்னார். அப்புறம் சிரிச்சார். பல்லு தெரியச் சிரிக்கலை, உள்ளுக்குள்ளேருந்து மெதுவா, ஒரு இருபது வயசுப் பையன் மாதிரி. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்காக அப்படி ஒரு தரம் சிரிச்சதில்லைம்மா.

காளிகாட் வந்துடுச்சா? பையை எடு, அந்தக் குடையையும் கொடு. பார்த்துக்கிட்டே நின்னேன் அந்தச் சிரிப்பை. ஆமாங்க, அவ நெசமாவே மறந்துட்டான்னு அன்னிக்குச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்.